டிக்கெட் விலை தெரியும், சாப்பாட்டு விலை தெரியுமா?

(சிவகாசி அருகேயுள்ள விஸ்வநத்தத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடையே, கோடை விடுமுறையை ஒட்டி ஆற்றிய நுகர்வோர் விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்.)

 

நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டம் என்றதும், காலாவதித் தேதியைப் பாருங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்து வந்திருப்பீர்கள். அதையும் சொல்வேன். ஆனால் இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் வேற. பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். "எல்லாரும் தீம் பார்க் போறாங்க, நாம எப்ப போறோம்?" என்ற கேள்வி உங்கள் வீடுகளிலும் ஆரம்பித்திருக்கும். அப்படிக் குடும்பத்தோடு ஒருநாள் போய்வரும்போது, சாப்பாட்டுச் செலவில் கை கடிக்காமல் எப்படிச் சமாளிப்பது, அதில் சட்டம் நமக்கு எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு ஒருநாள் லீவு என்றால் லீவு, அவ்வளவுதான். பயர் ஆபீசுக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போகிறவர்களுக்கு ஒருநாள் லீவு என்றால் அந்த நாள் கூலி இல்லை. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இரண்டு கூலி போகிறது. அந்தக் கூலியையும் விட்டுவிட்டு, கையிலிருந்தும் காசு போட்டுப் போகிற நாள் அது. அந்த நாள் சந்தோஷமாக முடிய வேண்டும். திரும்பி வரும்போது வேனில் புருஷனும் பெண்டாட்டியும் கணக்குப் பார்த்துச் சண்டை போடுகிற நாளாக முடியக் கூடாது.

மூன்று செலவில் ஒன்று மட்டும் இருட்டில்

ஒரு தீம் பார்க் பயணத்தில் செலவு மூன்று வகை. முதலில் வண்டிச் செலவு. வேன் பிடித்தால் வாடகையைப் பேசி முடிவு செய்துவிடுகிறோம். பஸ், ரயில் என்றால் கட்டணம் தெரியும். இரண்டாவது நுழைவுச் சீட்டு. பெரியவருக்கு எவ்வளவு, பிள்ளைக்கு எவ்வளவு என்று போன் போட்டாலே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது சாப்பாடு. இதை மட்டும் யாரும் முன்கூட்டியே கேட்பதில்லை. பசித்த பிறகு, பிள்ளை கையைப் பிடித்து இழுக்கிற நேரத்தில், கவுன்டருக்கு முன்னால் நின்றுகொண்டுதான் விலைப்பலகையைப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் யாராலும் பேரம் பேச முடியாது, திரும்பி நடக்கவும் முடியாது.

உள்ளே விலை ஏன் கூடுதலாக இருக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மதுரை மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒரு கடையில் இட்லி விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பத்தடி நடந்து அடுத்த கடைக்குப் போய்விடலாம். அதனால் விலை தானாகவே ஒரு கட்டுக்குள் நிற்கும். பூங்காவுக்குள் அப்படி இல்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர் ஆறு, ஏழு மணி நேரம் அங்கேதான் இருக்கப்போகிறார். உள்ளே இருப்பதே சில கடைகள். வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா என்று தெரியாது. பசிக்கிறவர் வாங்கித்தான் ஆக வேண்டும். கடை நடத்துகிறவருக்கும் இது தெரியும். ஆகவே நம் கையில் இருப்பது ஒரே வழி. எந்த வேளைச் சாப்பாட்டை உள்ளே வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போக வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது புரிவதற்காகப் போடுகிற மாதிரிக் கணக்குதான். இடத்துக்கு இடம் தொகை மாறும், நீங்கள் உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர் இரண்டு, பிள்ளைகள் இரண்டு. எல்லாவற்றையும் வெளியிலேயே வாங்கினால்: காலையில் வழி ஓட்டலில் ஆளுக்கு 80 ரூபாய் வீதம் 320. தண்ணீர் பாட்டில் ஆறு, 120. மதியம் உள்ளே ஆளுக்கு 200 வீதம் 800. சாயங்காலம் நொறுக்குத்தீனி ஆளுக்கு 60 வீதம் 240. இரவு திரும்பும் வழியில் ஆளுக்கு 120 வீதம் 480. மொத்தம் 1,960 ரூபாய்.

இப்போது மதியச் சாப்பாட்டை மட்டும் உள்ளேயே வாங்குவோம், மற்றதைத் திட்டம் போட்டுச் செய்வோம். காலைக்கு வீட்டு இட்லி, பொடி. சாமானுக்கு 80 ரூபாய். தண்ணீர் வீட்டிலிருந்து. மதியம் அதே 800. சாயங்காலம் பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பண்டம், 120. இரவு ஊர்ப் பக்கம் வந்து சாதாரண மெஸ்ஸில் ஆளுக்கு 60 வீதம் 240. மொத்தம் 1,240. மிச்சம் 720 ரூபாய். மதியமும் புளியோதரை கட்டிக்கொண்டு போய் வண்டியில் வைத்துச் சாப்பிட முடிந்தால், 800 இருந்த இடத்தில் 150 ரூபாயில் முடியும். அப்போது மொத்தச் செலவு 590.

கவனித்தீர்களா? யாரும் பட்டினி கிடக்கவில்லை. பிள்ளைக்கு உள்ளே ஒரு பண்டமும் கிடைத்துவிட்டது. யோசிக்காமல் போன காசு மட்டும்தான் நின்றிருக்கிறது.

கிளம்பும் முன் ஒரு போன்

நமக்குப் பக்கம் என்றால் மதுரை பரவையில் உள்ள அதிசயம் பூங்கா. கொஞ்சம் தூரம் என்றால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், கொச்சி வொண்டர்லா என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த இடமாக இருந்தாலும், டிக்கெட் விலை கேட்கும் அதே போனில் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.

ஒன்று, வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா? பெரும்பாலான தீம் பார்க்குகளில் அனுமதி இருக்காது. தெரிந்துகொண்டு போனால் வாசலில் வாக்குவாதம் இல்லை. இரண்டு, கைக்குழந்தைக்குப் பால், கஞ்சி, சர்க்கரை நோயாளிக்கு வேண்டிய பண்டம் கொண்டு போகலாமா? மூன்று, உள்ளே இலவசக் குடிநீர் எந்த இடத்தில் இருக்கிறது, காலி பாட்டில் கொண்டு வரலாமா? நான்கு, மதியம் வெளியே வந்து வண்டியில் சாப்பிட்டுவிட்டு அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே போக முடியுமா? கையில் முத்திரை குத்தியோ, பட்டை கட்டியோ விடுகிற இடங்கள் உண்டு, விடாத இடங்களும் உண்டு. ஐந்து, இருபது முப்பது பேர் குழுவாக வந்தால் சாப்பாட்டோடு சேர்த்துச் சலுகை உண்டா? ஒரு தெருவே சேர்ந்து வேன் பிடிக்கிற ஊர் இது. அந்தச் சலுகை உங்களுக்குத்தான் பொருந்தும். ஆனால் அந்தச் சாப்பாட்டில் என்னென்ன தருவார்கள், இரண்டாம் தடவை கேட்டால் போடுவார்களா என்பதையும் கேளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பல உணவுக்கூடங்களில் முதலில் பணத்தைக் கட்டி ஒரு அட்டை வாங்கச் சொல்வார்கள். மிச்சப் பணத்தை எந்தக் கவுன்டரில், எத்தனை மணிக்குள் திருப்பித் தருவார்கள் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 500 கட்டி 380-க்குச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை மறந்து வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

கட்டுச்சோறு கட்டுவதில் கவனம்

கட்டுச்சோறு கட்டிப் போவது நமக்குப் புதிதில்லை. இருக்கன்குடிக்கு நடந்து போகும்போதும், திருச்செந்தூர் போகும்போதும் கட்டிக்கொண்டுதானே போகிறோம். கோவிலுக்குக் கட்டிப்போனால் பெருமை, தீம் பார்க்குக்குக் கட்டிப்போனால் கேவலம் என்று ஒரு எண்ணம் இப்போது வந்திருக்கிறது. அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் எந்தச் சாப்பாடு தாங்கும் என்பது முக்கியம். சமைத்த சாப்பாட்டில் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமி வேகமாகப் பெருகும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வெயிலில் நிற்கிற வேனுக்குள் இருக்கிற சூடு சரியாக அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. தேங்காய்ச் சட்னி, உருளைக்கிழங்கு மசால், முட்டை, கறி இவற்றைக் கொண்டு போகவே வேண்டாம். புளியோதரைக்குப் புளிப்பும் நல்லெண்ணெயும் காவல், அது தாக்குப்பிடிக்கும். சோற்றை அகலமான தாம்பாளத்தில் கொட்டி நன்றாக ஆறவிட்டுக் கிளறுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்து, அந்த ஈரத்திலேயே கெட்டுவிடும். நான்கு பேருக்கு அரைக் கிலோ அரிசி தாராளம்.

தயிர்ச்சாதம் கட்டினால், காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள். மதியத்துக்குள் அதுவே தயிராகிவிடும், புளிக்காது. ஆனால் அதைத்தான் முதலில் சாப்பிட வேண்டும், சாயங்காலம் வரை வைக்கக் கூடாது. இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிக்கொள்ளுங்கள். நொறுக்குத்தீனிக்கு வெளியே அலைய வேண்டியதே இல்லை. சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய், சீசனில் சாத்தூர் வெள்ளரிக்காய் என்று எல்லாம் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. 2019-இல் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் நம்முடையதுதான். ஆனால் அது பால் பண்டம், வெயில் பயணத்துக்கு வேண்டாம்.

அடுத்து, இந்த ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். ஆபீசுக்கு வேலைக்குக் கொண்டு போகிற பையையும் டிபன் பாக்சையும் துண்டையும் இந்தப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். மருந்துத் தூசியும் அலுமினியப் பொடியும் பையின் மடிப்பில் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் கை விட்டு எடுத்துச் சாப்பிடப் போகிற பை அது. இதற்கென்று தனியாக ஒரு மஞ்சப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாழை இலை, எவர்சில்வர் தட்டு, டம்ளர் போதும். கடையில் பேப்பர் தட்டு வாங்குகிற காசும் மிச்சம்.

அடுப்பு மட்டும் வேண்டாம்

சிக்கனத்துக்காகச் செய்யவே கூடாத ஒன்றும் இருக்கிறது. வேனில் கேஸ் அடுப்பு ஏற்றிக்கொண்டு போய், வழியில் நிறுத்திச் சமைப்பது பல பேருக்குப் பழக்கம்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள் அதில் இருந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டு வந்திருந்த கேஸ் சிலிண்டரை வைத்து அடுப்புப் பற்ற வைத்தபோது தீப்பிடித்தது. 9 பேர் இறந்துபோனார்கள். ஊர் பார்க்க வந்தவர்கள், வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்கள், தங்கள் சமையலைத் தாங்களே செய்துகொள்ள நினைத்தவர்கள். நம்மை மாதிரிச் சாதாரணக் குடும்பங்கள்தான்.

தீ என்றால் என்ன என்று விஸ்வநத்தத்தில் நின்றுகொண்டு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ரயிலில் சிலிண்டர், பட்டாசு மாதிரி ஆபத்தான பொருளைக் கொண்டு போனால் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு என்று ரயிலில் பட்டாசு கட்டிக்கொண்டு போவதும் இதில்தான் வரும். சமையலை வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். அடுப்பை வண்டியில் ஏற்ற வேண்டாம்.

உள்ளே வாங்கும்போது எது சட்டம், எது அவர்கள் விருப்பம்?

உள்ளே விற்கிற பொருளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடைத்து விற்பது ஒன்று, அப்போதே செய்து தருவது ஒன்று.

தண்ணீர் பாட்டில், குளிர்பானம், பிஸ்கட், சிப்ஸ், கப் ஐஸ்கிரீம் இதெல்லாம் அடைத்து விற்பது. இவற்றில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டிருக்கும். கடையில் கையில் வாங்கிக்கொண்டு போகிற பொருளுக்கு அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கூலிங் சார்ஜ் என்று கூடுதலாகக் கேட்பதும் தப்புதான். வெளியே ஒரு விலை, பூங்காவுக்குள் ஒரு விலை என்று ஒரே பொருளில் இரண்டு விதமாக அச்சிட்டு விற்பதற்கும் 2018 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டல்கள், பாட்டில் தண்ணீரைச் சேவையோடு சேர்த்துத் தருவதால், அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டலில் பாட்டில் கேட்கும் முன் விலையைக் கேளுங்கள். இல்லையென்றால் "சாதாத் தண்ணி குடுங்க" என்று சொல்லுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால், அது கட்டாயம் இல்லை. எடுத்துவிடச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது வகை, அப்போதே செய்து தருவது. பாப்கார்ன், பஜ்ஜி, ஜூஸ், பிரைடு ரைஸ் மாதிரி. இதற்கு அச்சிட்ட விலை கிடையாது, கடைக்காரர் வைப்பதுதான் விலை. சட்டத்தைக் காட்டி நாம் குறைக்க முடியாது. பலகையைப் பார்த்து, அளவைக் கேட்டு, நான்கு பேருக்கு நான்கு வாங்காமல் இரண்டு வாங்கிப் பகிர்ந்துகொள்வதுதான் வழி.

பிள்ளைகள் கேட்கிற இரண்டு பண்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துணிக்கு ஏற்றுகிற ரோடமைன்-பி என்ற சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், வாயில் புகை வருகிற ஸ்மோக் பிஸ்கட்டைப் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. அந்தப் புகை திரவ நைட்ரஜன். அது முழுவதும் ஆவியாகும் முன் பிள்ளை விழுங்கினால் உள்ளுறுப்பு வெந்துபோகும். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் இல்லை, உயிருக்காகவும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வழியில் கிடைக்கும் நல்ல சாப்பாடு

பூங்காவுக்கு வெளியே, போகிற வழியில் குறைந்த விலைக்குச் சாப்பாடு கிடைக்கிற இடங்கள் அரசுத் தரப்பிலேயே இருக்கின்றன. 2013-இல் சென்னையில் தொடங்கி மற்ற மாநகராட்சிகளுக்கும் வந்த அம்மா உணவகம் மதுரையிலும் இருக்கிறது. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்றுதான் அதைத் தொடங்கினார்கள். காலையும் மதியமும் குறிப்பிட்ட நேரத்தில்தான் இருக்கும், நேரம் தெரிந்து போக வேண்டும்.

பொதிகையிலோ கொல்லம் எக்ஸ்பிரசிலோ போகிறவர்கள், பெரிய நிலையங்களில் பொதுப் பெட்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். 2023 முதல் சில நிலையங்களில் 20 ரூபாய்க்குச் சிக்கன உணவு விற்கிறார்கள். ரயிலிலோ நிலையத்திலோ கூடுதல் விலை கேட்டால் 139-க்குப் போன் செய்யலாம். மதுரை மீனாட்சியம்மன் கோவில், திருச்செந்தூர், பழனி மாதிரியான கோவில்களில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. பயணத்தில் கோவிலும் இருந்தால் ஒருவேளைச் சாப்பாடு அங்கேயே நிறைவாக முடிந்துவிடும்.

எந்தக் கடையாக இருந்தாலும் உணவுப் பாதுகாப்பு உரிம எண் வைத்திருக்க வேண்டும். 14 இலக்கம். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் வயிற்றுக்கு ஏதாவது ஆனாலும் யார் மீது புகார் செய்வது என்று தெரியும்.

கேட்கப்பட்ட கேள்விகள்

பேசி முடிக்கும் முன்பே நீங்கள் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள், நல்லது.

"பாப்பா, கட்டிக்கொண்டு போன சோற்றை வாசல்ல வாங்கி வச்சுக்கிடுறாங்களே, அது நியாயமா?" என்று ஒரு அக்கா கேட்கிறார்கள்.

அக்கா, இதில் சட்டம் முழுக்க நம் பக்கம் இல்லை. 2023 ஜனவரி 3-ஆம் தேதி திரையரங்குகள் சம்பந்தமான வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், அது தனியார் இடம், வெளிச்சாப்பாடு வேண்டாம் என்று அவர்கள் விதி போடலாம். ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய சாப்பாட்டைப் பெற்றவர்கள் கொண்டு போக அனுமதிக்க வேண்டும். அது தியேட்டருக்குச் சொன்ன தீர்ப்புதான், தீம் பார்க்குக்கு என்று சொன்னது இல்லை. ஆனாலும் தண்ணீரும் குழந்தை உணவும் கேட்கும்போது தைரியமாக இதை எடுத்துச் சொல்லலாம். மற்ற சாப்பாட்டை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வாசலில் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் டோக்கன் கேட்டு வாங்குங்கள். இன்னொரு வழி, வாசல் திறக்கும் முன்பே எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவது. ஒன்பதரை மணிக்கு இட்லி சாப்பிட்ட பிள்ளைக்கு மதியம் ஒன்றரை, இரண்டு வரை தாங்கும்.

"இருபது ரூபா பாட்டிலை முப்பதுக்கு விற்றால், அந்தப் பத்து ரூபாய்க்காகக் கோர்ட்டுக்கா போக முடியும்?" இது அண்ணாச்சி கேள்வி.

கோர்ட்டுக்கு முன்னால் நிறையப் படி இருக்கிறது அண்ணாச்சி. முதலில் பில் கேளுங்கள். பில் தர மறுத்தால், பாட்டிலில் உள்ள விலையையும் கடையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். கூடுதல் விலையைப் பிடிக்கிற அதிகாரம் நம் மாநிலத்தில் தொழிலாளர் துறைக்குத்தான் இருக்கிறது. கூலிப் பிரச்சினைக்கு நீங்கள் போகிற அதே துறைதான். சாப்பாடு கெட்டுப்போயிருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு அனுப்பலாம்.

பெரிய பாதிப்பு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, பிரச்சினை கொச்சியில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருள், சேவைக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. பத்து ரூபாய் உங்களுக்குப் பத்து ரூபாய்தான். ஒரு நாளைக்கு ஆயிரம் பாட்டில் விற்கிற கடைக்கு அது பத்தாயிரம் ரூபாய். அதனால்தான் கேட்க வேண்டும்.

"பிள்ளை அழுதா என்ன செய்ய? மத்த பிள்ளைங்க சாப்பிடறதைப் பார்த்து ஏங்குமே" என்று ஒரு பெரியம்மா கேட்டார்கள்.

பெரியம்மா, இதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. ஏங்க விடுவது சிக்கனம் ஆகாது. ஆகவே அந்தக் காசை முதலிலேயே ஒதுக்குங்கள். ஆளுக்கு இத்தனை ரூபாய், உள்ளே போய் ஒன்றே ஒன்று, உனக்கு என்ன வேண்டுமோ நீயே பார்த்து வாங்கிக்கோ என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளையாக இருந்தால் காசைக் கையிலேயே கொடுக்கலாம். நாம் வேண்டாம் என்று சொல்லும்போது அழுகிற பிள்ளை, தன் கையில் காசு இருக்கும்போது நான்கு கடை ஏறி இறங்கி விலை பார்க்கும். இன்றைக்கு நான் இங்கே பேசியதை அது அங்கே தானாகவே படித்துக்கொள்ளும்.

முடிவாக ஒன்று

சிக்கனம் என்று சொன்னதும் பல வீடுகளில் நடப்பது என்ன? "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்று அம்மா சொல்வார்கள். பிள்ளைக்கும் புருஷனுக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை மீதி வைத்ததைச் சாப்பிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நான்கு பேருக்கும் சமைத்துக் கட்டிவிட்டு, வேனில் தூங்கி வழிந்து, ராட்டினத்துக்குப் பக்கத்தில் பையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நாள் அவர்களுக்கும் லீவு நாள்தானே? அவர்கள் கூலியும்தானே போயிருக்கிறது?

நான்கு பேர் போகிற பயணம் என்றால் கணக்கு நான்கு பேருக்கும்தான். முந்தின நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிடலாம், அது கெடாது. காலையில் சோறு வடிப்பதும் கிளறுவதும் மட்டும்தான் வேலை. அதை அண்ணாச்சிகள் செய்யட்டும். தண்ணீர் பிடித்து வைப்பது, தட்டு எடுத்து வைப்பது பிள்ளைகள் வேலை. உள்ளே போனதும் பையைப் பாதுகாப்பு அறையில் போட முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் மணிக்கு ஒருவர் மாறி மாறிப் பாருங்கள்.

டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் எல்லாரும் தண்ணீரில் நனைய வேண்டும், எல்லாரும் வயிறாரச் சாப்பிட வேண்டும். விடுமுறை எல்லாருக்கும் நல்லபடியாக அமையட்டும்.